ஏரிக்கரையில் நாயோடு நடை: பருவங்களையும் உயிரினங்களையும் கவனிக்கும் முறை

நாய் வளர்ப்பவர் மழையானாலும் வெயிலானாலும் நாளுக்கு இரண்டு முறை வீட்டை விட்டு இறங்கியாக வேண்டும். பறவை பார்ப்பதற்கென்றே விடுமுறை நாளில் கிளம்புகிறவருக்குக் கிடைக்காத வசதி ஒன்று இதில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அதே பாதையில், ஏறத்தாழ அதே நேரத்தில் நடக்கும் வாய்ப்புதான் அது. பருவம் மாறுவதை ஒரே நாளில் பார்த்துவிட முடியாது. போன வாரம் இல்லாத குரல் இந்த வாரம் கேட்கிறது, நேற்றுவரை கம்பியில் உட்கார்ந்திருந்த கூட்டம் இன்று இல்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அது புலப்படும். ஆகவே, புதிய புதிய இடங்களைத் தேடிப் போவதைவிட ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப நடப்பதே இதற்கு ஏற்ற முறை என்பது என் கருத்து.

இங்கே சொல்லப்படுபவை வடதமிழகச் சமவெளியை, குறிப்பாகச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் ஏரிக்கரை ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நிலம் இது. மேற்கு மாவட்டங்களிலும் தென்கோடியிலும் இருப்பவர்கள் மாதங்களைச் சற்று முன்பின்னாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாதையும் நேரமும்

ஒன்றரை அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஏரிக்கரை, வயல், முட்புதர், சில பெரிய மரங்கள் ஆகியவை வருமாறு ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் நான்கைந்து இடங்களை நிறுத்தங்களாக வரையறுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் தெரியும் மதகு ஒன்றாக இருக்கலாம். ஓர் அரசமரம், ஒரு வேம்பு, பனைவரிசை, ஏரியின் மிகுநீர் வழிந்தோடும் கலங்கலுக்குக் கீழே உள்ள சதுப்பு ஆகியவை மற்றவையாக இருக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று நிமிடங்கள் அசையாமல் நிற்பது என்று வைத்துக்கொண்டால் போதும். நடந்துகொண்டே பார்ப்பவர் கண்ணில் படுவதைவிட, நின்று பார்ப்பவர் கண்ணில் படுபவை மிக அதிகம்.

நேரத்தைக் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாமல் சூரிய உதயத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். சென்னைப் பகுதியில் ஜூன் தொடக்கத்தில் 5.45 மணிக்குச் சற்று முன்பாகவே சூரியன் உதித்துவிடும். ஜனவரி இறுதியில் 6.35 ஆகிவிடும். ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கே கிளம்புகிறவர் கோடையில் விடிந்த பின்பும் குளிர்காலத்தில் விடியுமுன்பும் நடக்கிறார். அவருடைய குறிப்புகளில் தெரியும் வேறுபாட்டில் ஒரு பகுதி பருவத்தினால் வந்தது அன்று, வெளிச்சத்தினால் வந்தது. உதயத்துக்குக் கால் மணி நேரம் முன்பு கிளம்புவது என்று வைத்துக்கொண்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். சித்திரை, வைகாசியில் இது நாய்க்கும் நல்லது. வெயில் ஏறிய பின் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, சில நொடிகள்கூடத் தாங்க முடியவில்லையென்றால் அதன் பாதங்களும் தாங்காது.

நாயைப் பழக்குவதும் நாயைப் படிப்பதும்

கவனிப்பு நடைக்கு நாய் கற்றிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. "இரு" என்றால் நிற்கவோ உட்காரவோ வேண்டும். வீட்டு வாசலில் தொடங்கி, தெருமுனை, பின்பு கரை என்று இடத்தை மாற்றி, ஒவ்வொரு முறையும் சிறு தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் சில வாரங்களில் நிறுத்தங்களைத் தானே நினைவில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே நின்றுவிடும். கடைகளில் லீஷ் என்று கேட்டால் கிடைக்கும் வார், ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் இருந்தால் போதும். இழுத்தால் நீளும் வகை இந்த வேலைக்கு ஒவ்வாது. புதரில் சிக்கிக்கொள்ளும், அவசரத்தில் கட்டுப்படுத்தவும் முடியாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்கள் அசைவைக் கண்டவுடன் பாயும் இயல்புடையவை; அவற்றுக்குக் கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை பாதுகாப்பானது. மோப்பத்தில் ஆர்வமுள்ள நாட்டு நாய்கள் இந்த நடைக்கு மிகப் பொருத்தமானவை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அவை ஒரே புதரை ஐந்து நிமிடங்கள் முகர்ந்துகொண்டிருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

நாய்க்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. புல்லில் அசையாமல் பதுங்கியிருக்கும் முயலை அது பார்வையால் தவறவிடலாம். ஆனால் அதன் மூக்கிலிருந்து நாம் அறிந்துகொள்ளக்கூடியவை பல. அதற்குக் காற்றின் திசை முதலில் தெரிந்திருக்க வேண்டும். நாய் தலையைத் தூக்கிக் காற்றை எதிர்த்து முகர்ந்தால், வாசனை காற்றில் வருகிறது. அந்த விலங்கு பெரும்பாலும் அந்தத் திசையில் இப்போதே இருக்கிறது. மூக்கைத் தரையோடு தேய்த்துக்கொண்டு முன்னும் பின்னும் போனால், அது கடந்துபோன தடம், விலங்கு போய்விட்டிருக்கும். பனி இறங்கிய மார்கழிக் காலைகளில் ஈரத்தரை வாசனையை நெடுநேரம் வைத்திருப்பதால் இந்த இரண்டாவது வகை அதிகமாக இருக்கும். காதுகள் முன்னோக்கி விறைத்து, வால் அசைவதும் நின்றுவிட்டால், புதருக்குள் ஏதோ நகர்கிறது என்று கொள்ளலாம். அப்போது நாயை அங்கே விடாமல், நீங்களும் நின்று, அது பார்க்கும் திசையைப் பாருங்கள்.

முகர்ந்த இடத்தைப் பிறகு கண்ணால் சோதிக்க வேண்டும். மதில்மேலோ மரக்கிளையிலோ பழவிதைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் இரவில் மரநாய் வந்திருக்கிறது. அதில் எந்த விதை இருக்கிறது என்பதே எந்தப் பழம் பழுத்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். உருண்டையான, உலர்ந்த சிறு புழுக்கைகள் முயலுடையவை. சேற்றில் கால்தடம் தெரிந்தால் உங்கள் நாயின் தடத்தையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். அதன் அகலத்தையும் நீளத்தையும் ஒருமுறை அளந்து குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். நரியின் தடம் நாயினுடையதைப் போலவே நகக்குறிகளோடு இருந்தாலும் சற்று ஒடுங்கி நீண்டிருக்கும். காட்டுப்பூனையின் தடத்தில் நகக்குறி விழாது.

பறவைகளின் எச்சரிக்கைக் குரலும் இதே போல உதவும். தவிட்டுக்குருவிக் கூட்டமோ அணிலோ கரிச்சானோ ஓரிடத்தைச் சுற்றி விடாமல் கத்தினால் அங்கே பாம்போ கீரியோ பூனையோ இருக்கக்கூடும். சில வேளைகளில் அவை கத்துவது உங்கள் நாயைக் கண்டுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நீங்கள் பத்தடி பின்வாங்கியதும் கூச்சல் அடங்கினால் காரணம் தெரிந்துவிடும்.

மாதங்களோடு நடப்பது

ஆவணி பிறந்ததும் கவனத்தைத் தரையோரத்துக்கும் மின்கம்பிகளுக்கும் திருப்ப வேண்டும். வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகளில் உள்ளான்கள் முந்தி வந்துவிடும். வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு நீரோரத்தில் நடக்கும் வாலாட்டிகள் அடுத்து வரும். புரட்டாசியில் தகைவிலான்கள் கம்பிகளில் வரிசையாக உட்காரத் தொடங்கும். புதரிலிருந்து இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போல "டக், டக்" என்று மட்டும் கேட்டு, பறவை கண்ணில் படாமல் போனால் அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கும். பழுப்புக் கீச்சானின் கரகரத்த குரலும் இதே காலத்தில் வரும். ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வந்து சேர்கிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவில் பறந்து வரும் இந்தப் பறவை, களைத்துப்போய் வீட்டுத் தோட்டங்களில்கூட இறங்கிவிடும். விடியலிலும் அந்தியிலும் அது எழுப்பும் இரட்டைச் சீழ்க்கையை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். இது தரையில் இலைச்சருகைக் கிளறித் தின்னும் பறவை என்பதால், இந்த மாதத்தில் மரத்தடிச் சருகுகளுக்குள் நாயை நுழைய விடாதிருப்பது நல்லது.

மழை தொடங்கும் நாட்களில் பூச்சிகளைப் பாருங்கள். தட்டான்கள் கரைமேல் கூட்டங்கூட்டமாகச் சுற்றும். அவற்றில் பெரும்பான்மையான மஞ்சள் நிறத் தட்டான் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகும் இனம் என்பதை அறிந்து பார்க்கும்போது அந்தக் காட்சியே மாறிவிடுகிறது. தட்டான் தாழப் பறந்தால் மழை, அந்தி ஈசல் அடைமழைக்கு அறிகுறி என்றெல்லாம் சொல்லப்படுவதை அப்படியே ஏற்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஈசல் கிளம்பிய மாலையைக் குறித்து வைத்து, அடுத்த இரண்டு நாட்களில் மழை பெய்ததா என்பதையும் எழுதினால், உங்கள் ஊரில் அந்தச் சொல் எவ்வளவு பலிக்கிறது என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். முதல் நல்ல மழைக்குப் பின் மணற்பாங்கான தரையில் செக்கச்செவேலென்று ஊரும் தம்பலப்பூச்சியையும் தேடுங்கள். எட்டுக் கால்கள் கொண்ட அது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று, சிலந்திகளுக்கு உறவு.

கார்த்திகை முதல் பங்குனி வரை முதன்மையாகக் கவனிக்க வேண்டியது ஏரியின் நீர்மட்டத்தை. பறவைப் பட்டியல் எழுதுகிற பலரும் இதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்; ஆனால் எந்தப் பறவை எப்போது வரும், எப்போது போகும் என்பதை முடிவு செய்வதில் நாட்காட்டியைவிட நீருக்கே பங்கு அதிகம். மதகின் படிகளில் எத்தனை நீருக்கு மேலே தெரிகின்றன என்பதை வாரம் ஒருமுறை எண்ணி எழுதினால் போதும். கலங்கல் வழியும் அளவுக்கு ஏரி நிரம்பியிருக்கும்போது நாமக்கோழியும் முக்குளிப்பானும், வந்திருந்தால் ஊசிவால் வாத்தும் நடு ஏரியில் இருக்கும். நீரில் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு அங்கே நிற்க இடமில்லாததால் அவை வயல்களுக்குப் போய்விடும். நடவு வயல்களில் நத்தைக்குத்தி நாரைகளை அப்போது பார்க்கலாம். தை கடந்து பாசனத்துக்காக மதகு திறக்கப்பட்டு நீர் இறங்க இறங்க, கரையோரம் முதலில் ஒரு முழம் அகலத்துக்குச் சேறு தெரியும். அங்கேதான் உள்ளான்கள் வந்து சேரும். மாசியில் நீர் முழங்காலளவுக்குச் சுருங்கும் பகுதிகளில் மீன்கள் நெருங்கிவிடுவதால் கொக்கு, நாரை, கூழைக்கடா ஆகியவை ஒரே இடத்தில் குவியும். இந்தக் குவியல் சில வாரங்களே நீடிக்கும். ஏரி வற்றியதும் அவை இடம் மாறிவிடும். மழை குறைந்த ஆண்டில் இந்த வரிசை முழுவதும் முன்கூட்டியே நடந்து முடிந்துவிடும். நீர்மட்டத்தை எழுதி வைக்காதவருக்கு, "இந்த ஆண்டு நாரைகள் சீக்கிரம் போய்விட்டன" என்பது மட்டுமே தெரியும்.

மரங்களின் பருவம் மாசியில் தொடங்குகிறது என்று சொல்லலாம். அரசு இலையுதிர்த்து, செம்பு நிறத் தளிர் விடும். இலவமரம் இலையில்லாமல் பூத்து நிற்கும்போது மைனாவும் காகமும் கரிச்சானும் தேனுக்காக வரும். அந்த மரத்தின் கீழ் பத்து நிமிடம் நின்றால் பல நாள் நடையில் பார்ப்பதைப் பார்த்துவிடலாம். பங்குனி, சித்திரையில் வேம்பும், அதையொட்டிப் புங்கும் சரக்கொன்றையும் பூக்கின்றன. இதே வாரங்களில் குயில் கூவத் தொடங்கி, விடியுமுன்பே ஊரை எழுப்பிவிடும். ஆண் கரிய நிறம், பெண் புள்ளிகளோடு கூடிய பழுப்பு நிறம். காகம் கூடு கட்டும் காலத்தோடு குயிலின் குரலும் பொருந்தி வருவதைக் கவனித்து எழுதுங்கள். ஆனி, ஆடியில் காகம் தன் குஞ்சு என்று நினைத்துக் குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைக் காணலாம். அப்போது வேப்பம்பழமும் நாவற்பழமும் உதிர்ந்துகிடக்கும். பனம்பழம் விழும் ஆடி, ஆவணியில் நாய் பனந்தோப்பை விட்டு நகர மறுக்கும். இரவில் நரியும் மரநாயும் அங்கே வந்து போவதே காரணமாக இருக்கலாம்.

எருக்கஞ்செடியை மட்டும் எந்த மாதத்திலும் கடந்துபோய்விட வேண்டாம். இலையை மெல்லத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் முட்டையோ, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமான வரிகள் கொண்ட புழுவோ கிடைக்கக்கூடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் தீங்கு என்பதால் நாயை எட்ட நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

நாயால் வரும் தீங்கு

பங்குனி முதல் ஆடி வரை தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு ஆபத்தான காலம். சிவப்பு மூக்கு ஆள்காட்டி, வற்றிய ஏரித் தரையில் ஒரு சிறு பள்ளத்தில் வழக்கமாக நான்கு முட்டைகளை இடும். மண்ணோடு மண்ணாகத் தெரியும் அவற்றை நாம் மிதித்தாலும் தெரியாது, நாயோ மோப்பத்தாலேயே கண்டுபிடித்துவிடும். ஆள்காட்டி தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினாலும், சிறகு ஒடிந்தது போலத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினாலும், கூடு அருகில் இருக்கிறது என்று பொருள்; வந்த வழியே திரும்பிவிட வேண்டும். நின்று படமெடுப்பதும் தவறே. வெயிலில் முட்டையை விட்டு விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதைக் கெடுக்கும். இந்த மாதங்களில் ஏரித் தரையில் இறங்காமல் கரைமேலேயே நடப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

வேடந்தாங்கல், கரிக்கிலி போன்ற சரணாலயங்களுக்கு நாயைக் கொண்டுபோகவே கூடாது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022 இல் சேர்க்கப்பட்டவை இவை இரண்டும். கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகள் ஒரு குரைப்புக்கே எழுந்துவிடும். தடுப்பூசியையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். ரேபிஸ் ஊசியோடு டிஸ்டெம்பர் நோய்க்கான ஊசியையும் தவறாமல் போடுங்கள். நாய்களைத் தாக்கும் அந்த வைரஸ் நரி, மரநாய் போன்றவற்றுக்கும் தொற்றக்கூடியது. 2018 இல் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது அந்த வைரஸே முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. நாயின் மலத்தை எடுத்துவிடுவதும், உண்ணி மருந்து தடவிய ஓரிரு நாட்கள் அதை நீரில் இறங்க விடாமல் இருப்பதும் அந்த ஏரியின் நீர்வாழ் உயிர்களுக்காகத்தான்.

நாய்க்கு வரும் தீங்கு

கண்ணாடி விரியன் இந்த நிலத்தின் பாம்பு. குளிர்ந்த மாதங்களில் பகலிலும் வெளியே வந்து கரைப்பாதையில் வெயில் காயும். ஜூன், ஜூலையை ஒட்டி அதிகமாகக் குட்டி ஈனும். உரத்த சீறல் கேட்டால் நாயை இழுத்துக்கொண்டு பின்வாங்குங்கள். நாய் கடிபட்டால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மனிதர்களுக்குப் பயன்படும் விஷமுறிவு மருந்தே நாய்களுக்கும் செலுத்தப்படுகிறது. அதை இருப்பில் வைத்திருக்கும் மருத்துவமனை எது என்பதை முன்னதாகவே விசாரித்துத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். மழைக்காலத்தில் தேரையைக் கவ்வி நுரை தள்ளினால் வாயை நீரால் பக்கவாட்டில் நன்கு கழுவிவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். தேங்கிய குட்டைநீர் எலிக்காய்ச்சலையும், வயல் வாய்க்கால் நீர் பூச்சிமருந்தையும் கொண்டிருக்கலாம் என்பதால் வீட்டிலிருந்தே குடிநீர் கொண்டுபோவது நல்லது.

வீடு திரும்பியதும் காதின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அப்போது உரோமத்தில் ஒட்டியிருக்கும் விதைகளையும் எடுத்துத் தாளில் வைத்துத் தேதியிட்டு ஒட்டி வைக்கலாம். மழை ஓய்ந்தபின் நாயுருவி, ஒட்டுப்புல், நெருஞ்சி ஆகியவை ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். எந்தச் செடி எந்த வாரத்தில் விதை முற்றியது என்பதற்கு அந்தத் தாளே சான்றாகிவிடும்.

எழுதி வைக்கும் முறை

கையில் நாயைப் பிடித்தவருக்குக் கனமான தொலைநோக்கி சுமைதான். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு இரு கைகளையும் விடுவித்துக்கொள்ளலாம் என்பார்கள். சிறிய நாய்க்கு அது சரி, பெரிய நாயோடு கரைச்சரிவில் அதைச் செய்ய வேண்டாம். பார்த்ததை நடையின்போதே தொலைபேசியில் குரலாகப் பதிந்து, வீட்டில் எழுதினால் போதும்.

ஒரு நாளுக்கு நான்கு வரி போதுமானது. தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் சேர்ந்திருக்க வேண்டும். தமிழ் மாதம் சூரியனை ஒட்டியது என்பதால் மாசி 10 என்பது ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே பருவநிலையில் வரும். அடுத்து முந்தைய நாள் மழை, வானம், காற்று. பிறகு மரங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு மரத்துக்கும் தளிர், பூ, காய், பழம் ஆகியவை இல்லை, கொஞ்சம், நிறைய என்ற மூன்று சொற்களில் வாரம் ஒருமுறை எழுதலாம். சீசன்வாட்ச் என்னும் மக்கள் அறிவியல் திட்டம் இந்தியா முழுவதும் பின்பற்றும் முறையும் இதை ஒத்ததே. கடைசியில் உயிரினங்கள். இதில் காணாததையும் எழுதுவது முக்கியம். "குயில் கூவவில்லை" என்ற வரி தையில் நாள்தோறும் இருந்தால்தான், அது கூவிய முதல் நாளுக்குப் பொருள் இருக்கும். முதலில் கண்ட நாளைப் பலரும் எழுதுவார்கள். கடைசியாகக் கண்ட நாள், அது கடைசி என்று அப்போது தெரியாததால், அன்றாடக் குறிப்பு உள்ளவருக்கு மட்டுமே கிடைக்கும்.

பறவைகளை இபேர்ட் செயலியிலும் மற்ற உயிரினங்களைப் படத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் பதிவு செய்யலாம். குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் செயலி தொடக்கத்தில் உதவும்; ஆனால் அது சொன்ன பெயரைக் கண்ணால் உறுதி செய்யாமல் பட்டியலில் சேர்ப்பது சரியன்று. 2015 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கலின்போதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் பார்த்துப் பட்டியலிட்டால் போதும் என்பதால், வழக்கமான காலை நடையின் நிறுத்தம் ஒன்றையே அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். கணக்கெடுப்பு நாளில் மட்டும் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போகத் தோன்றும். வேண்டாம், மற்ற நாட்களின் பட்டியல் எல்லாம் நாயோடு எடுத்தது என்பதால் இதுவும் அப்படியே இருந்தால்தான் அவற்றோடு ஒப்பிட முடியும்.